தொலைபேசிச் சந்தையில் நெல்லும் மரக்கறியும் விற்போர் கவனிக்க வேண்டியவை

மன்னார் மாவட்டத்திற் பெரும்போக நெல் மாசி, பங்குனி மாதங்களிற் களத்துக்கு வருகின்றது. கட்டுக்கரைக்குளத்தின் கீழும், அகத்திமுறிப்புக் குளத்தின் கீழும், சிறுகுளங்களின் கீழும் விதைப்பு ஏறக்குறைய ஒரே காலத்தில் நடைபெறுவதால் அறுவடையும் ஒரே காலத்தில் நிகழ்கின்றது. முருங்கன், நானாட்டான், உயிலங்குளம், அடம்பன் ஆகிய இடங்களில் ஒரு வாரத்துக்குள் மூடைகள் மலையாகக் குவியும். களஞ்சியம் இல்லாதவர் ஈரநெல்லை வயற்கரையிலேயே விற்றுவிடுவார். முன்னாளில் தரகர் வந்து ஒரு விலை கூறுவார். அதற்கு உடன்படுவதன்றி வேறு வழி இருக்கவில்லை.

இப்பொழுது கைத்தொலைபேசி வந்துள்ளது. நெல்லின் படத்தையும் விலையையும் இணையச் சந்தையிற் போட்டால் அநுராதபுரத்திலிருந்தும் பொலனறுவையிலிருந்தும் ஆலைகாரர் விசாரிக்கின்றனர். வாங்குவோர் தொகை பெருகியது கமக்காரருக்கு நன்மையே. ஆயினும், வாங்குவோர் பெருகியபோது விற்பனை நிபந்தனைகளும் பெருகின. அந்நிபந்தனைகள் இடையிடையே மாறுகின்றன. மாறியதை அறியாமல் நெல்லை ஏற்றியவர் நட்டமடைகின்றார். ஆதலால், எந்த நிபந்தனைகள் மாறக்கூடியவை, அவற்றை எங்கே பார்த்தறிவது, மாற்றத்தினால் உண்டாகும் நட்டத்தை எவ்வாறு கணக்கிடுவது என்பன இங்கே கூறப்படும்.

நிபந்தனை மாறுவது புதிதன்று

நெல் விற்பனை விதிகள் நம் நாட்டிற் பலமுறை மாறியுள்ளன. 1948 ஆம் ஆண்டில் அரசாங்கம் உத்தரவாத விலைத் திட்டத்தைத் தொடங்கிக் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக நெல்லைக் கொள்வனவு செய்தது. 1950களிற் புசல் ஒன்றுக்கு 12 ரூபா கொடுக்கப்பட்டது. 1971 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. 1970களில் நெல்லையும் அரிசியையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதற்கு இருந்த கட்டுப்பாடுகளை முதியோர் இன்றும் நினைவுகூருவர்.

அண்மைக் காலத்திலும் இவ்வாறே. 2024 டிசம்பரில் அரிசிக்கு உச்ச சில்லறை விலை வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது: பச்சையரிசி கிலோ 220 ரூபா, நாடு 230, சம்பா 240, கீரிச் சம்பா 260. அடுத்து 2025 பெப்ரவரியில் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவிக்கப்பட்டது: நாடு கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. முதலாவது அறிவித்தல் அரிசி விற்போரைக் கட்டுப்படுத்துவது. இரண்டாவது நெல் விற்போருக்கு ஒரு தாங்குவிலையைக் கொடுப்பது. எனினும் முதலாவதும் நெல் விலையைப் பாதிக்கும். அரிசியை எவ்விலைக்கு மேல் விற்க முடியாது என்பது ஆலைகாரருக்குத் தெரிந்திருக்குமாதலின், நெல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அவர் அதிலிருந்தே கணிப்பார். ஆகவே இரண்டு அறிவித்தல்களையும் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு போகத்திலும் புதிய அறிவித்தல் வெளியாகியுள்ளதா என்று கமநல சேவை நிலையத்தில் விசாரித்த பின்னரே விலை கூறுக. சென்ற போகத்து விலையை வைத்து இப்போகத்து நெல்லுக்கு விலை பேசுதல் பிழை.

இருவகைச் சந்தைகள்

தொலைபேசியிற் காணப்படும் சந்தைகளை இருவகையாகப் பிரிக்கலாம். முதலாம் வகை அறிவித்தற் பலகை போன்றது. ‘இக்மன்’ இணையத்தளம், முகநூற் சந்தை, ஊர்களிலுள்ள வட்ஸ்அப் குழுக்கள் யாவும் இவ்வகை. இங்கே சந்தைக்காரர் பலகையை மாத்திரம் தருகின்றார். விலை பேசுவதும், நிறுப்பதும், பணம் பெறுவதும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான காரியங்கள். வாங்குபவர் ஏமாற்றினாற் பலகைக்காரர் பொறுப்பேற்கமாட்டார். இரண்டாம் வகை, பணத்தை இடையில் நின்று வாங்கிக் கொடுக்கும் சந்தை. 2018 ஆம் ஆண்டிற் சீனாவின் அலிபாபா நிறுவனம் வாங்கிய ‘தராஸ்’ இவ்வகையைச் சேர்ந்தது. வாங்குபவர் கொடுக்கும் பணத்திற் தரகுக் கூலியைக் கழித்துக்கொண்டு மிகுதியை விற்பவருக்கு அனுப்புவது இவ்வகைச் சந்தையின் முறை.

முதலாம் வகையில் நிபந்தனை என்பது பெரும்பாலும் எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது என்பதே. எடுத்துக்காட்டாக, தனியாட்கள் ஆடு, மாடு, கோழிகளை விற்பதை முகநூற் சந்தை தன் விதிகளால் விலக்கியுள்ளது. ஆட்டை விற்க அறிவித்தல் போட்டவரின் கணக்கு முடக்கப்பட்டால், அதே கணக்கில் நெல்லுக்கும் பூசணிக்கும் அவர் போட்டிருந்த அறிவித்தல்களும் மறைந்துவிடலாம். இரண்டாம் வகையில் நிபந்தனைகள் அதிகம். தரகு வீதம், பணம் அனுப்பும் நாள், பொருளைத் திருப்பி அனுப்புவதற்கான தவணை, அனுப்புங் கூலியை யார் ஏற்பது என்பன எல்லாம் எழுதப்பட்டிருக்கும். அவற்றை மாற்றும் உரிமையையும் சந்தைக்காரர் வைத்திருப்பார். கணக்குத் திறக்கும்போது ‘சம்மதம்’ என்று நாம் அழுத்தும் பொத்தானுக்குப் பின்னால் இவ்வளவும் அடங்கியுள்ளன.

மாற்றம் வரும்போது சந்தைக்காரர் கணக்கின் செய்திப்பெட்டிக்கோ மின்னஞ்சலுக்கோ ஓர் அறிவித்தலை அனுப்புவார். நம்மவர்களுட் பலருக்குக் கணக்கைத் திறந்து கொடுத்தவர் மகனோ மருமகளோ ஆக இருப்பதால் மின்னஞ்சல் முகவரியும் அவர்களுடையதாகவே இருக்கும். மகன் கொழும்பில் வேலைக்குச் சென்றுவிட்டால் அறிவித்தலும் கொழும்பிலேயே தங்கிவிடும். கணக்கிலுள்ள முகவரியையும் தொலைபேசி எண்ணையும் இன்றே சரிபார்த்துக்கொள்வது நன்று.

கடலுக்கு அப்பால் நடந்தது

இந்தியாவில் அரசாங்கமே கமக்காரருக்கான இணையச் சந்தை ஒன்றை நடத்துகின்றது. ‘ஈ-நாம்’ எனப்படும் அத்தேசிய வேளாண் சந்தை 2016 ஏப்ரல் 14 ஆம் திகதி 8 மாநிலங்களில் 21 சந்தைகளுடன் தொடங்கி, 2023 ஆம் ஆண்டளவில் 1,361 சந்தைகளாக விரிந்தது. தமிழ்நாட்டின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் பலவும் அதில் இணைந்துள்ளன. இதிற் சேர விரும்பும் மாநிலம் முதலில் தன் விதிகளை மூன்று வகையில் மாற்றுதல் வேண்டும்: மாநிலம் முழுவதற்கும் வணிகருக்கு ஒரே அனுமதிப்பத்திரம், சந்தைக் கட்டணத்தை ஒரே இடத்தில் ஒரே தடவை அறவிடல், மின்வழி ஏலத்துக்குச் சட்ட இடம். இம்மாற்றங்களின் கருத்து யாதெனில், ஒரு சந்தையில் உள்ள வணிகர் குழு தமக்குள் விலையைப் பேசி வைத்துக்கொள்வதைத் தடுத்து, தூர இடத்து வணிகரும் விலை கூறுவதற்கு வழிவிடுவதே. விளைபொருளின் தரம் சந்தையிலேயே சோதித்துப் பதியப்படும். வணிகர் அதைப் பார்த்து விலை கூறுவர். பணம் கமக்காரரின் வங்கிக் கணக்குக்கே செல்லும்.

2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்றினாற் சந்தைகளிற் கூட்டம் கூடாதிருக்கும் பொருட்டு, பொருளைச் சந்தைக்குக் கொண்டுவராமலே பண்டகசாலையிலிருந்தும் கமக்காரர் உற்பத்திக் கழகத்தின் களஞ்சியத்திலிருந்தும் விற்கும் வசதி அதிற் சேர்க்கப்பட்டது. களஞ்சியம் இருந்தவருக்கு இது பெரும் நன்மை. களஞ்சியம் இல்லாதவருக்கு எந்த மாற்றமும் இல்லை. நமது நிலைமையும் இத்தகையதே.

அதே ஆண்டு செப்டெம்பரில் இந்தியப் பாராளுமன்றம் மூன்று வேளாண் சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றுள் ஒன்று, ஒழுங்குமுறைச் சந்தைக்கு வெளியே, வருமான வரிக் கணக்கெண் உடைய எந்த வணிகரும் கமக்காரரிடம் நேரே வாங்கலாம் என்றும், இணைய வணிகத்தளம் நடத்தலாம் என்றும், அங்கே மாநிலம் சந்தைக் கட்டணம் அறவிடக்கூடாது என்றும் கூறியது. பணத்தை அன்றே அல்லது 3 வேலை நாட்களுக்குள் கொடுத்தல் வேண்டும் என்ற விதியும் அதில் இருந்தது. படிக்கும்போது நல்லதாகவே தோன்றும். ஆயினும், பிணக்கு எழுந்தால் அதைத் தீர்ப்பவர் வழக்குமன்று அல்லர், வட்டார நிருவாக அதிகாரியே என்று சட்டம் வகுத்திருந்தது. சந்தைக் கட்டணம் இல்லாத வெளிவணிகம் வளர்ந்தால் ஒழுங்குமுறைச் சந்தை நலிந்து, பின்னர் விலை கேட்கத் தமக்கு இடமே இராது என்றும் பஞ்சாப், ஹரியானாக் கமக்காரர் அஞ்சினர். டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் அவர்கள் இருந்து போராடினர். உச்ச நீதிமன்றம் 2021 ஜனவரியிற் சட்டங்களின் அமுலை நிறுத்திவைத்தது. 2021 நவம்பரிற் பாராளுமன்றமே அவற்றை நீக்கியது.

அச்சட்டங்கள் நல்லனவோ தீயனவோ என்று தீர்ப்பது இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கமன்று. ஆனால் அக்கமக்காரர் கேட்ட கேள்வியை நாமும் ஒவ்வொரு சந்தையிலும் கேட்கலாம்: கட்டணம் எவ்வளவு என்பதோடு நில்லாமல், பிணக்கு வந்தாற் தீர்ப்பவர் யார், வாங்குபவர் வராமற்போனால் எனக்கு வேறு எந்த வழி உண்டு என்றும் கேட்டறிதல் வேண்டும்.

ஒரு வரியில் 14,400 ரூபா

2025 பெரும்போகத்தில் நான் கண்ட ஒரு சம்பவத்தைக் கூறுகின்றேன். கமக்காரர் ஒருவர் 60 மூடை நாடு நெல்லைக் கிலோ 120 ரூபாப்படி ஒரு கொள்வனவாளருக்குத் தொலைபேசி மூலம் பேசி விற்றார். மூடை ஒன்றில் 65 கிலோ. மொத்தம் 3,900 கிலோ. கொள்வனவாளரின் இணைய அறிவித்தலில், ஈரப்பதன் நூற்றுக்கு 18 வரை இருந்தால் மூடைக்கு 3 கிலோ கழிக்கப்படும் என்று இருந்ததை அவர் முந்திய மாதம் வாசித்திருந்தார். லொறி வந்தது பொழுது சாயும் வேளை. ஈரமானி 18 காட்டியது. மூடைக்கு 5 கிலோ கழிவு என்றனர். கமக்காரர் மறுத்தார். உடனே அவர்கள் தொலைபேசியைத் திறந்து காட்டினர். அறிவித்தலின் அடியில் 3 என்பது 5 ஆக மாற்றப்பட்டிருந்தது. மாற்றிய திகதி அவர் விலை பேசிய நாளுக்கு முந்தியதாகவே இருந்தது. கூலியாட்கள் நிற்கின்றனர், அறுவடை இயந்திரத்துக்குப் பணம் கொடுத்தாக வேண்டும், இருட்டிவிட்டது. அவர் சம்மதித்தார்.

மூடைக்கு 2 கிலோ கூடுதலாகக் கழித்தால் 60 மூடைக்கு 120 கிலோ. கிலோ 120 ரூபாவாக 14,400 ரூபா. இது களவன்று; எழுதப்பட்ட நிபந்தனையே. ஆனால் நியாயமான நிபந்தனையா? இதனைக் கணக்கிட்டறியும் முறையை ஒவ்வொரு கமக்காரரும் தெரிந்து வைத்திருத்தல் வேண்டும்.

சேமிப்புக்கும் விற்பனைக்கும் ஏற்ற நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 14. அதாவது 100 கிலோ நெல்லில் 14 கிலோ நீர், 86 கிலோ உலர்பொருள். ஈரப்பதன் 18 உள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 82 கிலோ மாத்திரமே. அதனை 14 வரை உலர்த்தினால் எஞ்சும் நிறையைக் காண, 82 ஐ 86 ஆற் பிரித்து 100 ஆற் பெருக்குக. விடை 95 கிலோவும் ஏறக்குறைய 350 கிராமும். ஆகவே 100 கிலோவுக்கு நியாயமான கழிவு 4 கிலோ 650 கிராம். 65 கிலோ மூடைக்கு ஏறக்குறைய 3 கிலோ. மேற்கூறிய கமக்காரர் முதலில் வாசித்த நிபந்தனை முற்றிலும் சரியானது என்பது இதனாற் தெளிவாகும். ஈரப்பதன் 16 ஆனால் 100 கிலோவுக்குக் கழிவு 2 கிலோ 325 கிராம். 20 ஆனால் ஏறக்குறைய 7 கிலோ. சுருங்கக் கூறின், 14 இற்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் 100 கிலோவுக்கு 1 கிலோ 165 கிராம் எனக் கொள்ளலாம். உலர்த்துங் கூலியைக் கொள்வனவாளர் கேட்பது நியாயமே. ஆனால் அதனைத் தனியாகக் கூறுதல் வேண்டும். நீர்க் கழிவுக்குள் மறைத்து வைத்தல் ஆகாது.

ஈரமானி இல்லாதவர் உப்புப் போத்தல் முறையைக் கையாளலாம். உலர்ந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்குக்கு நெல்லை இட்டு, இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பைச் சேர்த்து மூடிச் சில நிமிடம் நன்றாகக் குலுக்குக. பின் சற்று நேரம் வைத்துப் பார்க்க. உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் ஈரப்பதன் நூற்றுக்கு 15 இற்கு மேல். ஒட்டாது அடியில் விழுந்தால் நெல் உலர்ந்துள்ளது. நம் மாவட்டம் உப்பு விளையும் இடமாதலால் உப்புக்குக் குறைவில்லை. ஆனால் கடற்காற்றில் ஈரங்கொண்ட உப்பை வெயிலில் உலர்த்திய பின்னரே இதற்கு எடுத்தல் வேண்டும். நெல்லைப் பல்லாற் கடித்துப் பார்த்து 14 என்றும் 15 என்றும் கூறுவோர் உளர். நான் கமப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் அவ்வாறு கூறிய மாணவர் எவரும் ஈரமானியின் முன் வெற்றி பெற்றதில்லை.

சாக்கின் நிறை மற்றுமொரு கழிவு. சணற் சாக்கும், பின்னிய உரப்பையும் ஒரே நிறையுடையன அல்ல. உரப்பை மிக இலேசானது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவைக் கழிப்பது பிழை. பத்து வெறுஞ் சாக்குகளை ஒன்றாக நிறுத்துப் பத்தாற் பிரித்தால் உண்மை நிறை தெரியும். தராசில் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை இருக்கின்றதா என்றும் பார்க்க.

இனத்தின் பெயரைச் சரியாக எழுதுதலும் அவசியம். பி.ஜி. 360 நெல்லையே வணிகர் கீரிச் சம்பா என்பர், பி.ஜி. 358 சம்பா; ஏ.ரி. 362 சிவப்பு நாடு. இணைய அறிவித்தலில் ‘சம்பா நெல்’ என்று பொதுவாக எழுதிவிட்டு, வந்தவரிடம் கீரிச் சம்பா விலை கேட்பதும், நாட்டு நெல்லைச் சம்பா என்று எழுதுவதும் பிணக்கையே வளர்க்கும். 2025 பெப்ரவரி விலைப்படி நாட்டுக்கும் கீரிச் சம்பாவுக்கும் கிலோவில் 12 ரூபா வித்தியாசம். 3,900 கிலோவில் அது 46,800 ரூபா.

மரக்கறி விற்போருக்கு

மன்னார்த் தீவிலும் கரையோரக் கிராமங்களிலும் மணற்பாங்கான நிலத்திற் கிணற்று நீரைக் கொண்டு கத்தரி, வெண்டி, மிளகாய், பூசணி, பயிற்றை முதலியவற்றைச் செய்வோர் சிறு அளவிலேயே விற்கின்றனர். இவர்களுக்கு இணையச் சந்தையிற் பெரிய செலவு தரகன்று, அனுப்புங் கூலியே. கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீற்றர் தூரம். வெண்டி மறுநாளே முற்றி நிறம் மாறும். ஆகவே பூசணி, உலர்ந்த மிளகாய், பனங்கிழங்கு மா போன்று தாங்கக்கூடியவற்றைத் தூர இடத்துக்கு விற்றலும், வெண்டி, கீரை, கத்தரியை மன்னார் நகரத்துக்குள்ளும் அண்மை ஊர்களுக்கும் வட்ஸ்அப் குழு மூலம் விற்றலும் தக்கதென்பது என் கருத்து.

தரகு வீதம் மாறும்போது அதன் விளைவை முழுத் தொகையிற் பார்க்க வேண்டும். உதாரணமாக, 200 கிலோ கத்தரியைக் கிலோ 150 ரூபாவுக்கு விற்றால் வரவு 30,000 ரூபா. தரகு நூற்றுக்கு 5 ஆயின் 1,500 ரூபா. 8 ஆயின் 2,400 ரூபா. அத்துடன், தரகு பொருளின் விலையில் மட்டும் கணக்கிடப்படுகின்றதா, அனுப்புங் கூலியையும் சேர்த்த தொகையிற் கணக்கிடப்படுகின்றதா என்பதையும் வாசித்தறிதல் வேண்டும். இரண்டாவது முறையாயின், லொறிக்காரருக்குப் போகும் பணத்துக்கும் நாமே தரகு கொடுக்கின்றோம்.

பொதிசெய்தல் பற்றிய விதிகளும் மாறுவன. 2011 டிசம்பரில் மரக்கறி, பழங்களைப் பிளாஸ்திக் கூடைகளிலேயே கொண்டுசெல்ல வேண்டுமென்ற விதி அமுலுக்கு வந்தபோது தம்புள்ளை முதலிய இடங்களில் எதிர்ப்பு எழ, அது தளர்த்தப்பட்டது. கூடையில் வைத்தால் மரக்கறி நசுங்காது என்பது உண்மை. வெறுங்கூடையைத் திருப்பிக் கொண்டுவரும் கூலியை யார் கொடுப்பது என்பதே கமக்காரரும் வணிகரும் கேட்ட கேள்வி. இணைய வாங்குநர் ‘கூடையில் அனுப்புக’ என்று எழுதினால், கூடை யாருடையது, திரும்பி வருமா என்று முதலிற் கேட்க.

விலை வைக்குமுன், ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் இலங்கை மத்திய வங்கியும் வெளியிடும் சந்தை விலை விபரங்களைப் பார்க்கலாம். தம்புள்ளை விலையை அப்படியே நம் விலையாகக் கொள்ளல் ஆகாது. தம்புள்ளைக்குக் கொண்டுசெல்லுங் கூலியைக் கழித்த பின் வருவதே தோட்டத்து விலை.

கமக்காரர் வாங்கும்போது

கமக்காரர் இணையச் சந்தையில் வாங்குபவரும் ஆவார். நீரிறைக்கும் இயந்திரம், தெளிகருவி, விதை, களைநாசினி யாவும் அங்கே விற்பனைக்கு உண்டு. இயந்திரத்தை வாங்குவதற்கும் நஞ்சை வாங்குவதற்கும் வேற்றுமை உண்டு. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்ட பீடைநாசினியையே விற்கலாம். முகநூலிற் படம் போட்டு, பேருந்தில் அனுப்பும் ஒருவரிடம் பதிவு எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் மறுமொழி கிடையாது.

இத்துறையிலும் கொள்கை அடிக்கடி மாறியுள்ளது. கிளைபோசேற்று 2015 இல் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் அனுமதிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் தடை நீக்கப்பட்டது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு அவ்வாண்டு நவம்பரிற் கைவிடப்பட்டது. அக்காலத்தில் பெயரறியாத போத்தல்களும் பைகளும் பெருவிலைக்கு விற்கப்பட்டதை நாம் கண்டோம். தடைக்காலத்திற் பதுக்கிய பழைய சரக்கு தடை நீங்கிய பின் இணையத்தில் மலிவாக விற்கப்படலாம். காலாவதித் திகதியைப் படத்தில் அன்றி, போத்தலிலேயே பார்த்தல் வேண்டும். ஐயம் ஏற்பட்டால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

பணமும் பற்றுச்சீட்டும்

வங்கியிற் பணம் இட்டதாகக் காட்டும் சீட்டின் படம் பணமன்று. அத்தகைய படங்களைத் தொலைபேசியிலேயே திருத்தி உருவாக்க முடியும். வங்கியை அழைத்தோ, கணக்கைப் பார்த்தோ தொகை சேர்ந்ததை உறுதி செய்த பின்னரே லொறியை விடுக. பின்திகதியிட்ட காசோலையும் அத்தகையதே. ‘உமக்குப் பணம் அனுப்ப வேண்டும், உமது தொலைபேசிக்கு வந்த எண்ணைக் கூறும்’ என்று கேட்பவர் பணம் அனுப்புபவர் அல்லர், எடுப்பவர். அந்த ஓ.ரி.பி. எண்ணை மனைவி மக்களுக்கு அன்றி வேறெவருக்கும் கூறற்க. அவர்களுக்கும் கூறாதிருப்பதே மேல்.

தொலைபேசியில் எழுதிய செய்திக்குச் சட்ட மதிப்பு இல்லை என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, ஓர் ஒப்பந்தம் மின்வழியில் ஏற்பட்டது என்ற காரணத்தினால் மட்டும் செல்லுபடியற்றதாகாது. காணி விற்பனை, மரண சாசனம் போன்ற சில இதற்கு விலக்கு. நெல் விற்பனைக்கு விலக்கில்லை. ஆகவே வாய்ப்பேச்சாக விலை பேசினாலும், பேசியதை உடனே எழுதியனுப்பி மறுமொழியைப் பெற்று, அதனை அழிக்காது வைத்திருத்தல் வேண்டும். கொள்வனவாளரின் இணைய அறிவித்தலை விலை பேசிய அன்றே படம் பிடித்து வைத்தால், பின்னர் 3 ஆனது 5 ஆக மாறினாலும் காட்டுவதற்கு நம்மிடம் ஆதாரம் இருக்கும்.

வாங்கிய பொருள் பழுதாயிருந்தால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். அதன் தொலைபேசி எண் 1977. முறைப்பாட்டுக்குத் தவணை உண்டு, ஆதலாற் தாமதிக்கலாகாது. கேட்கும்போது பற்றுச்சீட்டுக் கொடுக்க விற்பவர் கடமைப்பட்டவர். பற்றுச்சீட்டில்லாத முறைப்பாடு பலவீனமானது.

நெல் விற்கும்போது அனுப்பத்தக்க செய்தியின் மாதிரி ஒன்று கீழே தரப்பட்டுள்ளது. எண்களைத் தத்தம் நிலைமைக்கேற்ப மாற்றிக்கொள்க.

‘60 மூடை ஏ.ரி. 362 நெல். இன்றைய ஈரப்பதன் 16. விலை ஈரப்பதன் 14 ஆன நெல்லுக்குக் கிலோ ...... ரூபா. ஈரக் கழிவு 14 இற்கு மேல் ஓர் அலகுக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ 165 கிராம். வேறு கழிவு இல்லை. சாக்கின் நிறை களத்தில் நிறுத்துக் கழிக்கப்படும். நிறுவை என் களத்தில், முத்திரையிட்ட தராசில், பகல் வேளையில். ஏற்றுகூலியும் லொறிக்கூலியும் உங்களுடையவை. பணம் என் கணக்கிற் சேர்ந்த பின் லொறி புறப்படும். சம்மதமாயின் சம்மதம் என எழுதுக.’

மறுமொழி வந்த பின் சாக்குகளின் வாயைத் தைக்கலாம்.